ஐரோப்பா ஓய்ந்திருக்கும் மாதம்: பிரேசர் டவுனும் மழைக்காலக் கால்பந்தும்

ஐரோப்பியக் கால்பந்துப் பருவம் மே மாத இறுதியில் அடங்கி, ஆகஸ்டு நடுவில் மீண்டும் தொடங்குகிறது. இடைப்பட்ட வாரங்களை இன்றைய கால்பந்து ஆர்வலர் ஒரு வெற்றிடமாகவே உணர்கிறார். விம்பிள்டன் ஜூலை நடுவில் முடிந்துவிடுகிறது. டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் ஜூலை இறுதிக்குள் ஓய்கிறது. அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் ஆகஸ்டின் கடைசி வாரங்களில்தான் தொடங்கும். இவற்றைப் பார்த்து நாள்களைக் கடத்தி, இங்கிலாந்தின் முதல் ஆட்டச் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பது உலகெங்கும் பரவிவிட்ட ஒரு வழக்கம். பெங்களூரின் பிரேசர் டவுனும் அதற்கு விலக்கன்று. மாஸ்க் ரோட்டிலும் கோல்ஸ் பார்க்கைச் சுற்றிய தெருக்களிலும் மான்செஸ்டர், லிவர்பூல் அணிகளின் சட்டையணிந்த இளைஞர்களுக்கு ஜூலை என்பது வீரர்கள் அணி மாறும் செய்திகளின் மாதம். ஆட்டம் இல்லாத மாதம்.

இந்தக் காத்திருப்புக்கு வயது அதிகமில்லை. முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று கணக்கிடலாம். அதற்கு முன் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், ஐரோப்பா ஓய்ந்திருக்கும் இதே ஆடி, ஆவணி மாதங்கள் இந்தியக் கால்பந்தின் நடுப்பருவமாக இருந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டு ஆட்டமும், ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த முதல் கோலும், இந்தியக் கால்பந்து பெற்ற கடைசி ஆசிய விளையாட்டுத் தங்கமும் இந்தப் பருவத்திலேயே நிகழ்ந்தன. அவற்றில் பெங்களூர் ஆட்டக்காரர்களின் பங்கு பெரிது. நாட்காட்டி மாறியபோது, அந்த மாதங்களில் ஆடியவர்களின் வரலாறும் பொது நினைவிலிருந்து நழுவியது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டும் அதன் மக்களும்

பிரேசர் டவுனைப் புரிந்துகொள்ள, அதைப் பெற்றெடுத்த கண்டோன்மென்டிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரிட்டிஷ் படை 1809-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. உள்ளூர் மக்கள் ‘தண்டு’ என்று அழைத்த அந்தப் படைவீட்டைச் சுற்றி, மைசூர் மன்னரின் கன்னடப் பேட்டைக்குக் கிழக்கே, வேறொரு நகரமே எழுந்தது. அதன் பேச்சுமொழிகளில் தமிழ் முதன்மையானது. சென்னைப் படையோடு வந்த சிப்பாய்கள், படைக்குப் பொருள் வழங்கிய வணிகர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், தோல் தொழிலாளர்கள், தோட்டக்காரர்கள் என வட ஆற்காடு, சேலம், செங்கற்பட்டுப் பகுதிகளிலிருந்து பல அடுக்குகளில் மக்கள் குடியேறினர். 1834 முதல் பெங்களூரைத் தளமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு இக்குடியேற்றத்தை வலுப்படுத்தியது. அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரரான ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய கல்விப் பணி, தண்டின் தமிழ்ச் சமூகம் வேரூன்றியதற்கு இன்றுவரை சான்றாக நிற்கிறது. அவர் பெயரிலமைந்த பள்ளி மைதானம் பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்குப் பழகுதளமாயிற்று.

1881-இல் மைசூர் அரசு உடையார் வம்சத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும், தண்டு பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியிலேயே நீடித்தது. 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டிய பிளேக் நோய், நெரிசல் மிக்க குடியிருப்புகளைக் குலைத்தது. அதன் பின்விளைவாக, அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் திறந்த வெளிகளும் கொண்ட புதிய குடியிருப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டின் வடகிழக்கில் வகுக்கப்பட்டது. மைசூரின் ரெசிடெண்டாகவும், அதற்கு முன் இளம் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராகவும் இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று அதன் அதிகாரபூர்வப் பெயர் புலிகேசி நகர். மக்கள் நாவில் அது பிரேசர் டவுனாகவே தொடர்கிறது. காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் ஆகியன அதன் அண்டைக் குடியிருப்புகள். தெற்கே அல்சூர், கௌதமபுரம், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் ஆகியவற்றில் உழைக்கும் மக்கள் செறிந்து வாழ்ந்தனர். தமிழும் தக்கினி உருதும் ஆங்கிலமும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலித்த இந்த வட்டாரத்தில், மொழி கடந்த பொதுப் பொழுதுபோக்காகக் கால்பந்து ஊன்றியது. அதை அங்கே முதலில் ஆடிக்காட்டியவை பிரிட்டிஷ் படைப்பிரிவுகள். பார்த்துக் கற்றவர்கள் அப்படைவீட்டின் பணியாளர்களும் அவர்களின் பிள்ளைகளும்.

கிரிக்கெட் விட்டுவைத்த மாதங்கள்

ஐரோப்பாவில் குளிர்கால விளையாட்டாக இருந்த கால்பந்து, இந்தியாவில் மழைக்கால விளையாட்டாக மாறியது எப்படி? விடை மைதானத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் கோடைப் புல்வெளி கிரிக்கெட்டுக்கு உரியது. கிரிக்கெட் ஓய்ந்த பின்னர், இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை கால்பந்து ஆடப்பட்டது. இந்தியாவில் கிரிக்கெட்டுக்கு உகந்தது மழையற்ற குளிர்காலம். வெயிலில் வெடித்து இறுகிய தரையில் கால்பந்து ஆடுவதும் கடினம். எனவே மழை தொட்டு மண் இளகும் மாதங்கள் கால்பந்துக்கு வாய்த்தன. இரு நாடுகளிலும் கிரிக்கெட் விட்டுவைத்த மாதங்களே கால்பந்தின் மாதங்களாயின. பருவநிலை வேறுபட்டதால் அவை ஒன்றுக்கொன்று நேரெதிரான மாதங்களாக அமைந்தன.

கல்கத்தா லீக் கோடை மழையோடு தொடங்கியது. 1893-இல் நிறுவப்பட்ட ஐ.எஃப்.ஏ. கேடயம் நடுமழைக்காலத்தில் உச்சம் கண்டது. பிரிட்டிஷ் அரசின் கோடைத் தலைநகரான சிம்லாவில் 1888-இல் டியூராண்ட் கோப்பையும், பம்பாயில் 1891-இல் ரோவர்ஸ் கோப்பையும் பிறந்தன. இவை மூன்றும் தொடக்கத்தில் படைப்பிரிவுகளின் ஆடுகளங்களாகவே இருந்தன. அவற்றுள் இந்தியர் முதலில் வென்றது ஐ.எஃப்.ஏ. கேடயத்தை. 1911 ஜூலை 29 அன்று, ஒருவரைத் தவிர மற்றவரெல்லாம் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தியது. லண்டனில் அது கால்பந்தே இல்லாத நாள். இந்தியக் கால்பந்து வரலாற்றில் அதைவிடப் புகழ்பெற்ற நாள் இல்லை.

பெங்களூர்த் தண்டில் இந்த மாதங்கள் வேறு நிகழ்வுகளாலும் நிறைந்திருந்தன. ஆடியில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பு. ஆகஸ்டு 29 அன்று சிவாஜிநகர் புனித மரியன்னை ஆலயத்தில் கொடியேற்றம். செப்டம்பர் 8 அன்று திருவிழா. இந்தச் சடங்குக் காலத்தின் ஊடாகவே பந்தாட்டமும் நடந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் உள்ள பெங்களூரில் ஆகஸ்டு மாலைகள் குளிர்ந்தவை, மண் ஈரமானது. ஓர் ஏழைச் சிறுவன் வெறுங்காலோடு ஓடுவதற்கு ஆண்டிலேயே இதமான தரை அப்போது கிடைத்தது.

ஆனால் அதே மழை வெறுங்கால் ஆட்டக்காரனுக்கு எதிரியாகவும் இருந்தது. சேறு மிகும்போது பூட்ஸ் அணிந்தவர் ஊன்றி நின்றார், அணியாதவர் வழுக்கினார். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், ஈரத் தரையில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகியதைத் தன் வெற்றியின் காரணங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. அந்த அணி வங்காளத்துக்கு வெளியிலிருந்து தேடிச் சேர்த்த திறமையாளர்களில் பெங்களூர்க்காரர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அதே பத்தாண்டில் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937-இல் ரோவர்ஸ் கோப்பையை வென்று, அக்கோப்பையை ஏந்திய முதல் இந்தியக் குடிமக்கள் அணியாயிற்று; மறு ஆண்டும் வென்றது. படைவீட்டின் விளையாட்டைப் படைவீட்டின் நிழலில் வாழ்ந்தவர்கள் தம்முடையதாக்கிக்கொண்டதன் தெளிவான அறிவிப்பு அது.

1948 ஜூலை 31

1947 ஜூலை இறுதியில் தண்டு மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களில் நாடு விடுதலை பெற்றது. அதற்கு முன்பே, 1946-47 சந்தோஷ் கோப்பைப் போட்டியில் மைசூர் அணி வங்காளத்தை வென்று தேசிய வாகையர் ஆகியிருந்தது. ஆகவே 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கான இந்திய அணியில் மைசூர் ஆட்டக்காரர்கள் பலர் இடம்பெற்றதில் வியப்பில்லை. கோல்கீப்பர் வரதராஜ், முன்கள ஆட்டக்காரர்கள் சாரங்கபாணி ராமன், அகமது கான் ஆகியோர் அவர்களுள் சிலர். அணித்தலைவர் நாகா மண்ணின் தாலிமெரன் ஆவோ.

ஒலிம்பிக் கால்பந்து கோடையின் பிற்பகுதியில் நடந்ததற்கு ஐரோப்பிய நாட்காட்டியே வசதியாக இருந்தது. தொழில்முறை லீக்குகள் தொடங்கியிராத வாரங்கள் அவை. அன்றைய ஒலிம்பிக்கில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அனுமதியும் இல்லை. இங்கிலாந்தின் லீக் பருவம் அவ்வாண்டு ஆகஸ்டு 21 அன்றுதான் தொடங்கியது. ஐரோப்பா தன் முழு வலிமையோடு களமிறங்குமுன் நிகழும் ஓர் இடைக்காட்சியாக அது அமைந்தது. இந்தியருக்கோ அது அவர்களின் இயல்பான பருவம்.

முதற்சுற்றில் பர்மா விலகிக்கொண்டதால் இந்தியா நேரடியாகப் பிரான்சை எதிர்கொண்டது. இடம், லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டு நகரின் கிரிக்கிள்ஃபீல்டு மைதானம். நாள், ஜூலை 31. இந்தியரில் பெரும்பாலோர் வெறுங்காலோடு, சிலர் கணுக்காலில் துணி சுற்றி ஆடினர். 30-ஆம் நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. 70-ஆம் நிமிடத்தில் ராமன் அதைச் சமன்செய்தார். இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பிரான்ஸ் மற்றொரு கோல் அடித்து 2-1 என வென்றது.

இந்தத் தோல்வி பெரும்பாலும் வெறுங்காலின் கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு அது ஒரு விந்தை; பின்னாளைய இந்திய எழுத்துகளுக்கு அது ஓர் இனிய வெகுளித்தனம். இரு பார்வைகளும் ஒன்றை மறைக்கின்றன. அன்று களத்திலிருந்தோர் ஐந்தாறு பத்தாண்டுகளாக வளர்ந்த ஒரு போட்டிப் பண்பாட்டின் பயிற்சி பெற்ற ஆட்டக்காரர்கள். பூட்ஸ் அணிந்த படைப்பிரிவுகளோடு அவர்களும் அவர்களின் முன்னோடிகளும் மழைக்காலந்தோறும் மோதி வந்தவர்கள். ராமன் அடித்த கோல் அந்த நீண்ட பருவத்தின் விளைச்சல். அவ்வாண்டே ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி மூன்றாம் முறையாக வென்றதையும் சேர்த்துப் பார்த்தால், 1948-இல் பெங்களூர்க் கால்பந்து எந்த உயரத்தில் இருந்தது என்பது விளங்கும்.

ஒலிம்பிக்குக்குப் பின் இந்திய அணி ஐரோப்பாவில் சில நட்பு ஆட்டங்கள் ஆடியது. ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணியை 5-1 என வீழ்த்தியதாக இந்தியக் கால்பந்து வரலாறுகள் பதிவுசெய்கின்றன. பிற்காலத்தில் ஐரோப்பிய வாகையராகப் புகழ்பெறவிருந்த ஒரு கழகத்தின் மீது பெற்ற வெற்றி, பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டம் என்பதால் வெறும் சுவையான தகவலாகச் சுருங்கிவிட்டது. எந்த மாதத்தில் ஆடப்பட்டது என்பதே ஓர் ஆட்டத்தின் எடையைத் தீர்மானிக்கிறது.

அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது சுவீடன். அவ்வணியின் குன்னார் நூர்டால் சில மாதங்களில், 1949 ஜனவரியில், இத்தாலியின் மிலான் கழகத்தில் சேர்ந்தார். அவருடைய தோழர்கள் கிரேன், லீட்ஹோல்ம் இருவரும் அவரைத் தொடர்ந்தனர். ஐரோப்பிய ஆட்டக்காரனுக்கு ஒலிம்பிக் கோடை தொழில்முறை வாழ்வின் வாசலாக இருந்தது. பெங்களூர் ஆட்டக்காரனுக்குத் திறந்திருந்த வாசல் கல்கத்தா மட்டுமே. அகமது கான் 1949-இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் நிலைகொண்டார். தென்னிந்தியர் ஐவர் அமைத்த அதன் முன்களத்தை வங்க ரசிகர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடினர். லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஈஸ்ட் பெங்கால் அவ்வாண்டே வென்றது.

1952 ஜூலை 15 அன்று ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 எனத் தோற்றது. அந்தப் படுதோல்விக்குப் பின்னரே இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஒற்றை இந்தியக் கோலை அடித்தவர் அகமது கான். 1948, 1952 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் இந்தியா அடித்த கோல்கள் மொத்தம் இரண்டு. இரண்டையும் அடித்தவர்கள் மைசூர் மாநில அணி வளர்த்த ஆட்டக்காரர்கள்.

ஜகார்த்தா முதல் கௌதமபுரம் வரை

1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஆகஸ்டு 24 முதல் செப்டம்பர் 4 வரை ஜகார்த்தாவில் நடைபெற்றன. கடைசி நாளில், இந்தியருக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் முன்னே, இந்தியா தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. அதற்குப் பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் இல்லை. அந்த அணியில் இடம்பெற்றிருந்தவர்களுள் ஒருவர் பெங்களூரின் அருமைநாயகம். மோகன் பகானின் இடப்பக்க முன்கள ஆட்டக்காரராகக் கல்கத்தா நன்கு அறிந்த பெயர் அது.

அருமைநாயகம் போன்றோரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கௌதமபுரம், பிரேசர் டவுனிலிருந்து நடந்தே எட்டிவிடக்கூடிய தொலைவில், அல்சூரை ஒட்டி உள்ளது. குறுகிய தெருக்கள், சிறு வீடுகள், பெரும்பான்மையும் தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள். புத்தரின் பெயர் தாங்கிய அக்குடியிருப்பில் அம்பேத்கருக்குச் சிலை உண்டு. பிரேசிலின் பெலேவுக்கும் சிலை உண்டு. நாளிதழ்கள் அதைக் ‘குட்டி பிரேசில்’ என்று எழுதுவது வழக்கம். அந்தப் பட்டப்பெயரில் அன்பு இருக்கிறது. எனினும் பெலே உலகுக்கு அறிமுகமானது 1958-இல். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே பெங்களூர் ஆட்டக்காரர் ஒருவர் ஒலிம்பிக்கில் கோல் அடித்திருந்தார். பிரேசிலின் பெயரை இரவல் வாங்காமலே சொல்லக்கூடிய வரலாறு அந்த வட்டாரத்துக்கு உண்டு.

இந்த ஆட்டக்காரர்களின் வாழ்வை ஆலைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கின. 1940-இல் தொடங்கிய எச்.ஏ.எல்., 1948-இல் தொடங்கிய ஐ.டி.ஐ. ஆகியவற்றின் கால்பந்து அணிகளும், மதராஸ் சாப்பர்ஸ் மரபில் வந்த எம்.இ.ஜி. போன்ற படை அணிகளும் பெங்களூர்க் கால்பந்தின் தூண்களாயின. நன்றாகப் பந்தாடும் இளைஞனுக்கு நிலையான வேலையும் குடியிருப்பும் ஓய்வூதியமும் கிடைக்க வழி இருந்தது. ஒரு தலைமுறை படைவீட்டின் சமையற்கூடத்தில் உழைத்திருக்க, அடுத்த தலைமுறை நிறுவனச் சீருடையோடு மிதிவண்டியில் வேலைக்குச் செல்வதற்குக் கால்பந்து ஒரு பாலமாக இருந்தது. 1952-53, 1967-68, 1968-69 ஆகிய ஆண்டுகளில் மைசூர் மீண்டும் சந்தோஷ் கோப்பையை வென்றதன் பின்புலம் இந்த அமைப்பே. ஆட்டம் என்பது அவர்களுக்கு ஓய்வுநேரக் கேளிக்கையாக மட்டும் இருக்கவில்லை. சாதியும் வறுமையும் அடைத்த கதவுகளில் ஒன்றைத் திறக்கும் வழியாகவும் இருந்தது.

நாட்காட்டியின் இடமாற்றம்

1990-களில் இரண்டு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. 1992-இல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தோன்றியது. அதே காலத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. ஐரோப்பியப் பருவம் இந்தியப் பார்வையாளரின் பருவமாயிற்று. மறுபுறம், 1996 டிசம்பரில் தேசியக் கால்பந்து லீக் தொடங்கப்பட்டது. முதன்முறையாக இந்தியக் கால்பந்தின் உயர்நிலைப் போட்டி குளிர்காலத்துக்கு நகர்ந்தது. பின்னர் ஐ-லீக், 2014 அக்டோபரில் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் ஆகியவை அந்த நகர்வை நிலைப்படுத்தின. ரோவர்ஸ் கோப்பை 2000-01 போட்டியோடு நின்றுபோனது. பொதுத்துறை அணிகள் மங்கின. அவற்றோடு வேலைவாய்ப்பின் பாலமும் தளர்ந்தது.

இம்மாற்றத்தை வெறும் இழப்பாகப் பார்ப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. தொடர்ச்சியான தேசிய லீக், உரிய ஊதியம், மருத்துவ வசதி, ஆசியப் போட்டிகளில் இடம் ஆகியன ஒரு பொதுவான பருவமின்றிச் சாத்தியமில்லை. 2013-இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி. தன் முதற்பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது, 2016-இல் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்றது. இவை பழைய மழைக்கால அமைப்பு தந்திருக்கக்கூடியவை அல்ல. ஆனால் புதிய நாட்காட்டிக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. முன்பு முதன்மையாக இருந்த மாதங்கள் இப்போது ‘பருவத்துக்கு முந்தைய’ மாதங்களாயின. டியூராண்ட் கோப்பையின் நிலையே இதற்கு நல்ல சான்று. சிம்லாவில் பிறந்து, 1940-இல் தில்லிக்கு நகர்ந்து, 2019 முதல் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு மழைக்காலத்துக்கே அது திரும்பியிருக்கிறது. மாதம் பழையது; பொருள் புதிது. உலகின் மிகப் பழைய கால்பந்துப் போட்டிகளுள் ஒன்றான அது, இன்று கழகங்கள் தம் புதிய ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்க்கும் ஆயத்த மேடையாகப் பேசப்படுகிறது. 2022 செப்டம்பர் 18 அன்று பெங்களூரு எஃப்.சி. அதை வென்றபோது, அதே பருவத்தின் லீக்குக்கு நல்ல முன்னறிகுறி என்ற அளவிலேயே பலர் மகிழ்ந்தனர். ரோவர்ஸ், டியூராண்ட், ஐ.எஃப்.ஏ. கேடயம் ஆகியவற்றையே வாழ்வின் உச்சமாகக் கருதிய ராமன், அகமது கான் தலைமுறைக்கு இந்த மனநிலை விளங்கியிருக்காது.

எவர் நினைவில் எவர்?

இந்த ஆட்டக்காரர்கள் மறக்கப்பட்டதற்கு நாட்காட்டி ஒரு காரணம். மாநில எல்லை மற்றொரு காரணம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், விளையாட்டு வரலாறும் மாநிலவாரியாக எழுதப்பட்டது. தமிழ்நாட்டின் விளையாட்டு வரலாற்றில் பெங்களூர்த் தமிழருக்கு இடமில்லை. அவர்கள் மைசூருக்கு ஆடியவர்கள். கர்நாடகத்தின் பண்பாட்டு வரலாற்றில் தண்டுப் பகுதியே ஓர் ஒட்டுநிலமாகக் கருதப்பட்டது. அதன் தமிழ், உருது பேசும் உழைப்பாளிகள் மையத்துக்கு வரவில்லை. கல்கத்தாவின் கழக வரலாறுகள் அவர்களைக் கொண்டாடின. ஆயினும் அவற்றில் அவர்கள் ‘வெளியூர்’ ஆட்டக்காரர்கள். மூன்று ஆவணக் காப்பகங்களிலும் சிதறிக் கிடப்பவர்கள், எந்த ஒன்றிலும் முழு மனிதர்களாக எழுந்து நிற்பதில்லை.

2023 மார்ச் 4 அன்று சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயத்தை 3-2 என வென்று, கர்நாடகம் 54 ஆண்டுகளுக்குப் பின் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. ஒவ்வொரு செய்தியும் 1968-69 என்ற ஆண்டைக் குறிப்பிட்டது. அந்த ஆண்டின் அணி எந்தத் தெருக்களிலிருந்து வந்தது, எந்த மொழிகளில் பேசியது, எந்த ஆலைகளில் வேலை பார்த்தது என்பன பேசப்படவில்லை. எண் நினைவிலிருந்தது; மனிதர்கள் இல்லை.

இந்த இடத்தில் ஆய்வாளருக்கும் மாணவருக்கும் வேலை இருக்கிறது. தண்டின் கால்பந்து வரலாறு விளையாட்டுத் துறையின் கோப்புகளில் மட்டும் அடங்கியதன்று. படைப்பிரிவுப் பதிவேடுகள், பங்குக் கோயில்களின் ஆண்டு மலர்கள், பள்ளிகளின் அணிப் புகைப்படங்கள், ஆலைத் தொழிற்சங்க வெளியீடுகள், கல்கத்தாக் கழகங்களின் நினைவு மலர்கள், வீட்டுச் சுவர்களில் தொங்கும் சட்டமிட்ட சான்றிதழ்கள் ஆகியவை அனைத்தும் மூலங்கள். தமிழ், உருது, கன்னடம், வங்கம், ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் சிதறிய இவற்றைச் சேர்த்து வாசிக்கும் கூட்டு முயற்சி தேவைப்படுகிறது. அகமது கான் 2017 ஆகஸ்டில் மறைந்தார். அந்தத் தலைமுறையின் குரல்களைப் பதிவுசெய்யும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்களைக் களத்தில் கண்டவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும் காலம் இன்னும் சிறிதளவு மீதமுள்ளது.

2025 கோடையில் வணிக ஒப்பந்தச் சிக்கலால் இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. கழகங்கள் ஊதியம் வழங்கத் தயங்கின. ஆட்டக்காரர்கள் எதிர்காலம் தெரியாமல் நின்றனர். ஐரோப்பிய அச்சில் வார்க்கப்பட்ட பருவம் தொடங்காதிருந்த அந்த ஆகஸ்டில், மழையில் நனைந்த மைதானங்களில் நடந்துகொண்டிருந்தது டியூராண்ட் கோப்பை. ஆகஸ்டு 23 அன்று கொல்கத்தாவில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணி அதை இரண்டாம் ஆண்டாகத் தொடர்ந்து வென்றது. ‘முந்தைய’ போட்டி என்று ஒதுக்கப்பட்டதே அவ்வாண்டின் அந்த வேளையில் இந்தியக் கால்பந்தாக இருந்தது.

பிரேசர் டவுன் இளைஞர் ஐரோப்பிய அணிகளை நேசிப்பதில் குறையேதும் இல்லை. தண்டு எப்போதும் கடல்கடந்து வந்தவற்றை வாங்கித் தனதாக்கிக்கொண்ட இடமே. கால்பந்தும் அப்படி வந்ததுதான். ஆனால் ஜூலை இறுதியில், அடுத்த பருவத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர் எண்ணும்போது, 31-ஆம் தேதியைக் கடந்து செல்வார். அந்த நாளில், அவர் காத்திருக்கும் அதே இங்கிலாந்தின் மண்ணில், அவருடைய ஊர்க்காரர் ஒருவர் பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்திருக்கிறார் என்பதை அவருக்குச் சொல்வது வரலாற்றாசிரியரின் கடமை.